புதிய நாமம் உனக்குண்டு

சகோதரிகளுக்கான வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: ஆதியாகமம் 16:1-14, ரூத் 1:19-22, ஏசாயா 62:1-5, மாற்கு 5:25-34





இந்த மாதப் பாடத்தை ஒரு பெயரிலிருந்து தொடங்குவோம். மகாராஷ்டிர மாநிலத்தின் கிராமங்களில் 'நகுஷி' என்ற பெயருடைய பெண்கள் உண்டு. மராத்தி மொழியில் அதற்கு 'வேண்டாதவள்' என்று பொருள். ஆண்பிள்ளைக்காகக் காத்திருந்த வீட்டில் மறுபடியும் பெண்ணே பிறந்தால், இப்படிப் பெயரிட்டாலாவது அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பினார்கள். அந்தப் பெயரோடுதான் அக்குழந்தை பள்ளிக்குப் போனாள்; அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அவளை அழைத்தார். நாள்தோறும் 'வேண்டாதவளே' என்று அழைக்கப்பட்டு, நாள்தோறும் 'ஆம், நான்தான்' என்று எழுந்து நின்றாள்.

2011ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, அம்மாநிலத்தின் சதாரா மாவட்ட நிர்வாகம் ஒரு விழா நடத்தியது. இப்படிப் பெயரிடப்பட்டிருந்த 285 பெண்களுக்கு அன்று புதிய பெயர்களும் அவற்றிற்கான சான்றிதழ்களும் வழங்கப்பட்டன. நல்ல காரியம், அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். இது ஒரு மாவட்டத்தின் குறை மட்டுமன்று. தமிழ்நாட்டிலும் 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் சூட்டப்பட்ட பெண்கள் உண்டு. நம் தேசத்தில் 6 வயதிற்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 927 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011இல் அது 918ஆகக் குறைந்தது.

சான்றிதழில் உள்ள பெயரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உள்ளத்தில் எழுதப்பட்ட பெயரை யார் மாற்றுவது? அதுவே இந்தப் பாடத்தின் கேள்வி.

நாம் கிறிஸ்தவர்கள்; நம் பெண்பிள்ளைகளுக்கு வேதத்திலிருந்து நல்ல பெயர்களைத் தேடி இடுகிறோம் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் கிருபா என்றும் எஸ்தர் என்றும் எழுதியிருக்கிறோம். ஆனால் வீட்டிற்குள் அவள் கேட்டு வளர்ந்த பெயர்கள் எவை? 'கறுப்பி', 'ராசியில்லாதவள்', 'இன்னொரு வீட்டிற்குப் போகப்போகிறவள்', 'மலடி', 'வாழாவெட்டி', 'தண்டச்சோறு'. ஞானஸ்நானப் பெயரை அழைத்தவர்கள் சிலர். இந்தப் பெயர்களால் அழைத்தவர்கள் பலர். காலப்போக்கில், அழைக்கிறவர்கள் எவரும் இல்லாத வேளையிலும் அவள் தன்னைத்தானே அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கிவிடுகிறாள். இருதயத்தின் ஆழமான காயம் இதுவே.

1. சுயமதிப்பு என்பது பெருமையா?

முதலில் ஒரு தடையை நீக்கவேண்டியிருக்கிறது. நான் ஒன்றுமில்லாதவள் என்று சொல்லிக்கொண்டிருப்பதே தாழ்மை என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். தன்னை மதிக்கிற பெண் பெருமைக்காரி என்று எண்ணப்படுகிறாள். வேதம் அப்படிப் போதிக்கவில்லை.

தாழ்மை என்பது தேவனுக்கு முன்பாக நம் நிலையை உண்மையாக அறிந்துகொள்வது. தன்னை வெறுப்பது வேறு. தேவன் ஆணும் பெண்ணுமாக மனிதரைத் தமது சாயலில் படைத்தார் (ஆதியாகமம் 1:27). அழிந்துபோகும் வெள்ளியாலும் பொன்னாலும் அல்ல, கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தால் நாம் மீட்கப்பட்டிருக்கிறோம் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 1:18,19). ஒரு பொருளின் மதிப்பை அதற்குக் கொடுக்கப்பட்ட விலை காட்டுகிறது. தேவகுமாரனுடைய இரத்தத்தையே விலையாகக் கொண்ட ஒருத்தியை மதிப்பில்லாதவள் என்று சொல்வது தாழ்மையாகுமா? அது செலுத்தப்பட்ட விலையைக் குறைத்துப் பேசுவதாகும். அப்படிப் பேசுகிறவள் அவளேயானாலும் அது அப்படித்தான்.

பிறனை நேசிக்கும்படி கட்டளையிட்ட ஆண்டவர், தன்னைப்போல் பிறனை நேசிக்கவேண்டும் என்றே அளவு வைத்தார் (மத்தேயு 22:39). தன்னையே வெறுத்துக்கொண்டிருக்கிற தாய் தன் மகளுக்கு எந்த அளவால் அளந்துகொடுப்பாள்? வேண்டாதவள் என்ற பெயர் தாயிடமிருந்து மகளுக்குச் சொத்தைப்போல் கடந்துபோவதை நாம் வீடுகளில் காண்கிறோம். ஆகையால் இந்தக் குணமாகுதல் நமக்காக மட்டுமல்ல, நமக்குப் பின்வரும் சந்ததிக்காகவும் தேவைப்படுகிறது.

2. பிறர் இட்ட பெயர்: ஆகார்

ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசியுங்கள். அந்த வீட்டில் ஆகார் என்றொரு எகிப்திய அடிமைப்பெண் இருந்தாள். சாராய் ஆபிராமிடம் பேசுகிறாள். ஆபிராம் சாராய்க்கு மறுமொழி கொடுக்கிறான். இருவரும் அவளைப்பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் இருவருடைய வாயிலும் அவள் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. 'அடிமைப்பெண்' என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அவளுடைய சரீரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவள் பெயர் வேண்டியிருக்கவில்லை.

கடினமாய் நடத்தப்பட்டபோது அவள் வனாந்தரத்திற்கு ஓடிப்போனாள். சூருக்குப் போகிற வழியில் ஒரு நீரூற்றின் அருகே கர்த்தருடைய தூதன் அவளைக் கண்டார். அந்த அதிகாரத்தில் முதன்முறையாக அவளை அவளுடைய பெயரால் அழைத்த குரல் அவருடையதே (16:8). எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டார். அவளுடைய கடந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் அவளிடமே கேட்டவர் அதுவரை எவரும் இல்லை. அவளோ, தன்னிடம் பேசிய கர்த்தருக்கு, தன்னைக் காண்கிற தேவன் என்று பெயரிட்டாள் (16:13). தேவனுக்கு ஒரு பெயரிட்டதாக வேதம் சொல்லும் முதல் மனுஷி, தன் எஜமானர்களால் பெயர்சொல்லி அழைக்கப்படாத ஓர் அடிமைப்பெண்!

இங்கே ஒரு காரியத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். தூதன் அவளைத் திரும்பிப்போகச் சொன்னார் (16:9). இந்த ஒரு வசனத்தைக் காட்டி, அடிபட்டு வந்த மகளை மறுபடியும் அதே வீட்டிற்கு அனுப்பிவைத்த பெற்றோரும் ஊழியர்களும் உண்டு. ஆகாரின் சரித்திரம் அந்த வசனத்தோடு முடிவதில்லை. 21ஆம் அதிகாரத்தில் அவள் மறுபடியும் வனாந்தரத்தில் இருக்கிறாள். அங்கேயும் தேவன் அவளைப் பெயர்சொல்லி அழைத்தார்; அவள் கண்களைத் திறந்து ஒரு துரவைக் காண்பித்தார்; பிள்ளையோடே இருந்தார். இந்தமுறை திரும்பிப்போ என்று சொல்லவில்லை. கர்ப்பவதியாய் வனாந்தரத்தில் தனித்திருந்த ஒருத்திக்கு அந்நாளில் சொல்லப்பட்டதை, அடிபடுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் எந்நாளுக்குமான கட்டளையாக்க நமக்கு அதிகாரம் இல்லை. இரண்டு அதிகாரங்களிலும் மாறாதது ஒன்றே: தேவன் அவளைக் கண்டார், அவளைப் பெயர்சொல்லி அழைத்தார்.

3. வியாதி இட்ட பெயர்: பெரும்பாடுள்ள ஸ்திரீ

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் வருகிற ஸ்திரீயின் பெயரை நாம் அறியோம். அவளுடைய வியாதியே அவளுக்குப் பெயராகிவிட்டது. இன்றுவரை நாமும் அப்படியே சொல்லிவருகிறோம். 12 ஆண்டுகள் அவள் வருந்தினாள். அநேக வைத்தியர்களிடம் போய்த் தன் ஆஸ்தியையெல்லாம் செலவழித்தும் நிலைமை மோசமானதே தவிரச் சீர்ப்படவில்லை. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின் பிரமாணப்படி அவள் படுத்த படுக்கையும் உட்கார்ந்த இடமும் தீட்டு. 12 ஆண்டுகள் யாரையும் தயக்கமின்றித் தொடமுடியாமல் வாழ்ந்த ஒருத்தி, யார் கண்ணிலும் படாமல் ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட நினைத்ததில் என்ன வியப்பு?

தொட்டவுடனே அவள் சரீரம் குணமாயிற்று (5:29). அத்தோடு அனுப்பிவிட்டிருக்கலாம். ஜெப ஆலயத் தலைவனாகிய யவீருவின் மகள் மரணத் தறுவாயில் இருந்தாள். ஒவ்வொரு நொடியும் அருமையானது. ஆயினும் ஆண்டவர் நின்றார். தம்மைத் தொட்டவர் யார் என்று திரும்பிப் பார்த்தார். அவளைக் கூட்டத்தின் முன் வெட்கப்படுத்துவதற்காகவா? இல்லை. சரீரம் குணமான பிறகும் அவளுக்குள் குணமாகவேண்டிய ஒன்று மீதியாயிருந்ததை அவர் அறிந்திருந்தார். ஒளிந்துவந்தவள் ஒளிந்தே திரும்பியிருந்தால், ஆரோக்கியமான சரீரத்திற்குள் பழைய பெயரையே சுமந்துகொண்டு போயிருப்பாள்.

அவள் பயந்து நடுங்கி வந்து, நடந்த உண்மையை முழுவதும் அவருக்குச் சொன்னாள் (5:33). 12 ஆண்டுகளின் கதை எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்! பெரிய மனிதன் ஒருவன் காத்திருக்க, பெயரற்ற ஒரு பெண்ணின் கதையை ஆண்டவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் அவர் அவளை 'மகளே' என்று அழைத்தார். சுவிசேஷங்களில் ஆண்டவர் நேருக்கு நேர் மகளே என்று அழைத்த ஸ்திரீ இவள் ஒருத்தியே. யவீருவின் மகளுக்காகப் பரிந்து பேச ஒரு தகப்பன் இருந்தான். இவளுக்கு எவரும் இல்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே ஆண்டவர் தாமே அவளுக்குத் தகப்பனைப்போல் நின்றார்.

சகோதரியே, உன் பிரச்சினை தீர்ந்துவிட்டது, இனி எதற்குப் பழையதைப் பேசுகிறாய் என்று மற்றவர்கள் உன்னிடம் சொல்லலாம். ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. நீ முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அவர் நின்று கேட்கிறார்.

4. நாமே இட்டுக்கொள்ளும் பெயர்: நகோமி

மோவாபிலே கணவனையும் இரண்டு குமாரரையும் அடக்கம்பண்ணிவிட்டு நகோமி பெத்லெகேமுக்குத் திரும்பினாள். ஊர்ப்பெண்கள் அவளை அடையாளங்கண்டு பேசினபோது, இனிமை என்று பொருள்படும் தன் பெயரை விட்டு, கசப்பு என்று பொருள்படும் மாரா என்ற பெயரால் தன்னை அழைக்கும்படி அவர்களிடம் கேட்டாள் (ரூத் 1:20).

இங்கே இரண்டு காரியங்களைக் கவனிப்போம். முதலாவது, தேவன் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. சர்வவல்லவர் தனக்குக் கசப்பைக் கொடுத்தார் என்று வெளிப்படையாகச் சொன்னவளை வேதம் அவிசுவாசி என்று தள்ளவில்லை. துக்கத்தைத் துக்கமென்று சொல்வது பாவமன்று. சங்கீதங்களில் அநேகம் அப்படிப்பட்ட புலம்பலே.

இரண்டாவது, அவள் கேட்டுக்கொண்டபடி எவரும் அவளை மாரா என்று அழைக்கவில்லை. ரூத்தின் புஸ்தகத்தை இறுதிவரை வாசித்துப் பாருங்கள். அவள் நகோமியாகவே இருக்கிறாள். ஊர்ப்பெண்கள் அவள் துக்கத்தை மறுக்கவில்லை. அவள் துக்கத்தை அவள் பெயராக்கவும் இல்லை. கடைசி அதிகாரத்தில் அதே பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்று, ஏழு குமாரரைப் பார்க்கிலும் மேலான மருமகள் உனக்கு இருக்கிறாளே என்று நினைப்பூட்டி ஆறுதல் சொல்லுகிறார்கள் (4:15). ஆண்பிள்ளையைக் கொண்டே ஒரு பெண்ணை மதித்த அந்த நாளிலே, ஊரார் வாயில் வந்த வார்த்தை இது!

கணவனை இழந்தவளும், விவாகம் தள்ளிப்போனவளும், கரு கலைந்துபோனவளும் தனக்குத்தானே மாரா என்று பெயரிட்டுக்கொள்வது இயல்பு. 'நடந்தது கசப்பானது' என்று சொல்வது உண்மை. 'நானே கசப்பு' என்று சொல்வது உண்மையன்று. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. தேவன் இடும் பெயர்

ஓசியா தீர்க்கதரிசிக்கு ஒரு மகள் பிறந்தாள். இஸ்ரவேலின் பாவத்திற்கு அடையாளமாக அவளுக்கு லோருகாமா, அதாவது இரக்கம் பெறாதவள் என்று பெயரிடப்பட்டது (ஓசியா 1:6). ஆனால் அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே தேவன் அந்தப் பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிடுகிறார்: ருகாமா, இரக்கம் பெற்றவள் (2:1). நியாயத்தீர்ப்பின் அடையாளமாகத் தாமே இட்ட பெயரையும் கிருபையினாலே மாற்றுகிறவர், மனிதர் இட்ட பெயரை மாற்றாமல் விடுவாரோ?

ஏசாயா 62ஆம் அதிகாரத்தில், பாழான எருசலேமைக் கர்த்தர் ஒரு பெண்ணாகவே பாவித்துப் பேசுகிறார். கைவிடப்பட்டவள் என்று இனி ஒருவரும் அவளை அழைப்பதில்லை. எப்சிபா என்பதே அவளுடைய பெயர். என் பிரியம் அவள்மேல் இருக்கிறது என்பது அதன் பொருள். இந்த வாக்கு முதலாவது சீயோனுக்கு உரியது என்பதை மறவோம். ஆயினும் தம் ஜனத்தை அப்படி அழைக்கிறவரின் இருதயம், அந்த ஜனத்தில் ஒருத்தியாகிய உன்மேலும் அப்படியே இருக்கிறது.

கவனியுங்கள்: அவள் மதில்கள் கட்டி முடிந்தபின் அல்ல, பாழாய்க் கிடக்கும்போதே பெயர் அறிவிக்கப்படுகிறது. நீ முற்றிலும் குணமானபின் தேவன் உன்னைப் பிரியமானவள் என்று அழைப்பார் என்று காத்திராதே. அவர் அழைக்கிறபடியால்தான் நீ குணமாகத் தொடங்குகிறாய்.

6. மனோரமா: ஒரு தாய் இட்ட பெயர்

நகுஷி என்ற பெயர் வழங்கிய அதே மராத்தி தேசத்தில் ஊழியம் செய்த ஒரு தாயாரை இங்கே நினைவுகூருவது தகும். பண்டிதா ரமாபாய் 1858இல் பிறந்தார். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்று எண்ணப்பட்ட காலத்தில், அவருடைய தந்தை தம் மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்பித்தார். 1870களின் பஞ்சத்தில் ரமாபாய் தாய் தந்தையரை இழந்தார். மிஞ்சியிருந்த சகோதரனும் 1880இல் மரித்தார். அதே ஆண்டில் வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். 1882இல் கணவரும் காலராவினால் மரித்தார். 24 வயது நிறைவதற்குள் விதவையானார். அக்காலத்தில் விதவைக்கு ஊரார் இட்ட பெயர்கள் எவை என்று சொல்லத் தேவையில்லை.

அவர் கையில் ஒரு பெண்குழந்தை இருந்தாள். 1881இல் பிறந்த அந்தக் குழந்தைக்கு மனோரமா என்று பெயர். மனதிற்கு மகிழ்ச்சி தருபவள் என்பது அதன் பொருள். பெண்பிள்ளையே வேண்டுமென்று தாயும் தகப்பனும் விரும்பிக் காத்திருந்து இட்ட பெயர் அது. ஊரெங்கும் வேண்டாதவள் என்று பெயரிடும்போது, ஒரு வீட்டில் மனோரமா என்று பெயரிட்டார்கள்.

1883இல் இங்கிலாந்தில் ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் கிறிஸ்துமார்க்கத்தை ஏற்றுக்கொண்ட பின்னும், கிறிஸ்துவையே தம் சொந்த இரட்சகராகக் கண்டு இளைப்பாறுதல் அடையப் பல ஆண்டுகள் ஆயின என்று தமது சாட்சியில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒரே ஜெபத்தில் எல்லாக் காயமும் ஆறவில்லையே என்று வருந்துகிறவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்.

1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். 1896-97 பஞ்சத்தில் அநாதரவான சிறுமிகளையும் விதவைகளையும் தேடிச்சென்று அழைத்துவந்து, பூனாவை அடுத்த கேட்காவில் அடைக்கலம் கொடுத்தார். அந்த இடத்திற்கு முக்தி, அதாவது விடுதலை என்று பெயர். அங்கே வந்தவர்களுக்கு உணவும் எழுத்தும் வேதமும் மட்டுமல்ல, நெசவும் அச்சுவேலையும் போன்ற தொழில்களும் கற்பிக்கப்பட்டன. கறைப்பட்டவர்கள் என்று தள்ளப்பட்ட பெண்களுக்கென்று அமைந்த பகுதிக்குக் கிருபா சதன் என்று பெயர். அவர் இட்ட பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: மனோரமா, முக்தி, கிருபா. தேவனிடம் பெற்ற பெயரை, பெயரிழந்தவர்களுக்கு அவர் பகிர்ந்துகொடுத்தார். மனோரமா வளர்ந்து தாயின் ஊழியத்தில் வலக்கரமாயிருந்து 1921இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ரமாபாய் 1922 ஏப்ரல் 5ஆம் தேதி மறுமைக்குள் பிரவேசித்தார். முக்தி இல்லம் இன்றும் கேட்காவில் இருக்கிறது.

7. குணமாகும் வழியில் சில படிகள்

அ) பெயரை அடையாளங்காணுங்கள். தனித்திருந்து, உங்களை நீங்கள் உள்ளத்தில் எந்தப் பெயரால் அழைக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை முதன்முதல் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்றும் எழுதுங்கள். சொன்னவர் மனிதர்தான், தேவன் அல்ல என்பது எழுதும்போதே விளங்கும்.

ஆ) உண்மை முழுவதையும் சொல்லுங்கள். முதலாவது ஆண்டவரிடம், பின்பு நம்பத்தகுந்த ஒருவரிடம். இரகசியம் காக்கிறவரையும், கேட்டு முடிக்குமுன் புத்திசொல்லத் தொடங்காதவரையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இ) மன்னிப்பதையும் அடிக்கு உடன்படுவதையும் ஒன்றாக்காதிருங்கள். மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுப்பது. அது தீங்கைத் தீங்கல்ல என்று சொல்வதன்று. ஆபத்தில் தொடர்ந்து இருப்பதுமன்று. தாவீது சவுலைக் கொல்லாமல் விட்டான்; ஆனாலும் அவன் ஈட்டிக்கு எட்டும் தூரத்தில் மறுபடியும் போய் உட்காரவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி உதை மட்டுமல்ல, இழிவான சொற்களால் துன்புறுத்துவதும் பணத்தைத் தடுத்துவைத்து ஒடுக்குவதும் அச்சட்டத்தின்படி வன்முறையே. உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். நீதிமன்றத்தின் பாதுகாப்பைத் தேடுவது விசுவாசக் குறைவு அன்று. பவுலும் தன் உரிமையைச் சொல்லிச் சவுக்கடிக்குத் தப்பினான் (அப்போஸ்தலர் 22:25).

ஈ) வியாதியை வியாதியென்று அறியுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் குலைந்து, எதிலும் விருப்பமற்று, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். பிரசவத்திற்குப் பின்னும் தாய்மாருக்கு அப்படி நேர்வதுண்டு. அதற்குச் சிகிச்சை உண்டு. சாகவேண்டுமென்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்குக் கர்த்தர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தார் (1 இராஜாக்கள் 19:5-8). இரத்த அழுத்தத்திற்கு மருந்து சாப்பிடுகிற நாம் இதற்கு மாத்திரம் வெட்கப்படுவானேன்? மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

உ) புதிய பெயரால் உங்களை அழைத்துப் பழகுங்கள். பழைய பெயர் ஒரே நாளில் பதியவில்லை. ஒரே நாளில் அழியவும் மாட்டாது. தினமும் காலையில் ஏசாயா 62, சங்கீதம் 139 போன்ற ஒரு பகுதியை வாசித்து, அங்கே தேவன் உங்களை எப்படி அழைக்கிறாரோ அதை உங்கள் சொந்தப் பெயரோடு சேர்த்துச் சத்தமாய்ச் சொல்லுங்கள்.

8. சபைக்கு ஒரு வார்த்தை

பெயரை மாற்றுகிறவர் தேவன். ஆனால் அந்தப் பெயரால் அழைக்கவேண்டியவர்கள் நாமே. சதாராவின் பெண்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. கிராமத்தார் புதிய பெயரைச் சொல்லி அழைத்தாலன்றி அச்சான்றிதழ் பெட்டிக்குள்தான் இருக்கும்.

நம் சபைகளில் ஆண்குழந்தை பிறந்தால் செலுத்துகிற ஸ்தோத்திரக் காணிக்கையைப் பெண்குழந்தைக்கும் அதே மகிழ்ச்சியோடு செலுத்துகிறோமா? திருமண வீட்டில் விதவைத் தாயை மணமக்களை ஆசீர்வதிக்க முன்னே அழைக்கிறோமா, பின்வரிசையில் உட்காரவைக்கிறோமா? அன்னையர் தின ஆராதனையில் பிள்ளையில்லாத சகோதரியை நினைக்கிறோமா? மணமகள் தேவை என்ற விளம்பரத்தில் இரட்சிக்கப்பட்டவள் என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தையாகச் சிவந்த நிறமுள்ளவள் என்று எழுதுகிறோமே, இது எந்த வேதத்திலிருந்து வந்தது? உன்னதப்பாட்டின் மணவாட்டி வெயிலில் கறுத்தவள் அல்லவா!

மாமியாராயிருக்கிற தாய்மாரே, போதகரின் மனைவியரே, ஞாயிறு பள்ளி ஆசிரியைகளே, இன்று உங்கள் வாயிலிருந்து புறப்படும் ஒரு பெயரை ஒரு பெண் 40 ஆண்டுகள் சுமப்பாள். அது எந்தப் பெயராயிருக்கவேண்டும் என்று தீர்மானித்துப் பேசுங்கள்.

கலந்துரையாட

1. ஆகார், பெரும்பாடுள்ள ஸ்திரீ, நகோமி ஆகிய மூவரில் யாருடைய நிலை உங்கள் நிலைக்கு நெருங்கியது? ஏன்?

2. சரீரம் குணமான ஸ்திரீயை ஆண்டவர் நிறுத்திப் பேசவைத்தது ஏன் என்று எண்ணுகிறீர்கள்?

3. மன்னிப்பதற்கும் தீங்கை அனுமதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.

4. நீங்கள் அறியாமல் ஒரு மகளுக்கோ மருமகளுக்கோ மாணவிக்கோ இட்ட பெயர் உண்டா? அதை இந்த வாரம் எப்படி மாற்றப்போகிறீர்கள்?

ஜெபம்

எங்களைக் காண்கிற தேவனே, மனிதர் எங்களுக்கு இட்ட பெயர்களை நீர் அறிவீர். நாங்கள் எங்களுக்கே இட்டுக்கொண்ட பெயர்களையும் அறிவீர். அவற்றை உமது பாதத்தில் வைக்கிறோம். உண்மை முழுவதையும் சொல்லத் தைரியம் தாரும். கேட்கிற செவியுள்ள ஒருவரை எங்களுக்குத் தாரும். ஆபத்தில் இருக்கிற சகோதரிக்குப் பாதுகாப்பான வாசலைத் திறந்தருளும். சோர்ந்திருக்கிறவளுக்குத் தூக்கமும் உணவும் நல்ல வைத்தியரும் கிடைக்கச் செய்யும். எங்கள் நாவு எந்த மகளையும் வேண்டாதவள் என்று அழைக்காதபடி காத்துக்கொள்ளும். மகளே என்று நீர் அழைக்கும் சத்தத்தை இன்று நாங்கள் கேட்கட்டும். எங்களுக்காகத் தம்மையே விலையாகக் கொடுத்த இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம் பிதாவே. ஆமென்.